யாரிடம் சொல்லும் அந்தப் பிள்ளை? பள்ளி ஆலோசனை முறைகள் குறித்த ஒரு மதிப்பீடு

படிப்பில் பின்தங்கும் பிள்ளைக்கும், திடீரென்று பள்ளிக்கு வராமல் நின்றுவிடும் பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. தகுந்த தொழிலைக் காட்டிவிட்டால் போதும் என்று ஒரு தலைமுறை சொன்னது. மனத்தில் உள்ளதைக் கொட்டித் தீர்க்க ஓர் ஆள் வேண்டும் என்றது அடுத்தது. பிள்ளையை விடுங்கள், பள்ளிக்கூடத்தைத் திருத்துங்கள் என்ற குரல் இப்போது ஓங்கியிருக்கிறது. மூன்றுக்கும் ஆதரவாக ஆய்வுகள் உண்டு. மூன்றும் சறுக்கிய இடங்களும் உண்டு.

இந்த விடைகளைப் பொதுவில் வைத்துப் பேசுவது எளிது. திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசம் போன்ற ஓர் இடத்தில் வைத்துப் பார்த்தால் அவற்றின் பலமும் பலவீனமும் இன்னும் துலக்கமாகத் தெரியும். பொதிகை மலை இறங்கிச் சமவெளியாகும் இந்தப் பகுதியின் பள்ளிகளில், ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளின் வீடுகள் ஒன்றுபோல் இல்லை. ஒரு வீட்டில் தாத்தா விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்தவர். இன்னொரு வீட்டில் அம்மாவும் அக்காவும் பீடி சுற்றுகிறார்கள். முண்டந்துறைக் காட்டுக்குள்ளிருக்கும் காணி பழங்குடிக் குடியிருப்பிலிருந்து இறங்கிவந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையும் உண்டு. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 2024இல் விருப்ப ஓய்வில் அனுப்பப்பட்டபோது குடும்பத்தோடு இடம்பெயர நேர்ந்த பிள்ளைகளும் இதே அம்பாசமுத்திரம் தாலுகாவைச் சேர்ந்தவர்களே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் பஸ் பயணம்.

தொழிலைக் காட்டுதல்

பள்ளி ஆலோசனையின் முதல் வடிவம் வேலைவாய்ப்பு சார்ந்ததுதான். 1907இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜெஸ்ஸி டேவிஸ் என்ற தலைமையாசிரியர், ஆங்கிலக் கட்டுரை வகுப்பிலேயே தொழிலையும் நடத்தையையும் பற்றி எழுதவைத்தார். அடுத்த ஆண்டு பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். உன்னை அறி, தொழில்களை அறி, இரண்டையும் பொருத்திப் பார் என்பதுதான் அவர் வகுத்த சூத்திரம். நம் நாட்டில் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம் (1952–53) பள்ளிகளில் வழிகாட்டுதல் தேவை என்றது. 1954இல் அதற்கென மத்திய அளவில் ஓர் அமைப்பு உருவானது. கோத்தாரி ஆணையம் (1964–66) ஒரு படி மேலே போய், வழிகாட்டுதல் தொடக்கப் பள்ளியிலிருந்தே கல்வியின் பகுதியாக இருக்க வேண்டும் என்றது. பரிந்துரைகள் நல்லவைதான். அவை சராசரிக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

பாபநாசம் பகுதியில் அன்று அதற்குப் பெரிய தேவையும் உணரப்படவில்லை என்றே தோன்றுகிறது. ஹார்வி சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அருவித் தண்ணீரை நம்பித் தொடங்கிய மில், ஊருக்கே தொழில் வழிகாட்டியாக இருந்தது. அப்பா மில்லில் இருந்தால் மகனுக்கும் மில்தான் கனவு. அந்தப் பாதை குறுகியபின் எழுந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவற்றில் முக்கியமானது, 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம். எந்தக் கல்லூரி, என்ன படிப்பு, எந்த நுழைவுத் தேர்வு, எந்த உதவித்தொகை என்ற விவரங்களைப் பள்ளியிலேயே சொல்வது அதன் நோக்கம்.

இந்த அணுகுமுறையை வெறும் தகவல் பலகை என்று ஒதுக்கிவிட முடியாது. கிறிஸ்டின் மல்ஹெர்ன் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வில், ஒரு நல்ல ஆலோசகரால் மாணவரின் கல்வி நிலையில் ஏற்படும் மாற்றம் ஒரு நல்ல ஆசிரியரால் ஏற்படும் மாற்றத்துக்கு ஏறக்குறைய இணையாக இருந்தது. அந்தப் பயன் பெரும்பாலும் தகவலாலும் நேரடி உதவியாலும் விளைந்தது என்பதும், வறிய வீட்டுப் பிள்ளைகளுக்கே அது அதிகம் கிட்டியது என்பதும் கவனிக்கத்தக்கவை. விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பித் தருவது, சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கடைசித் தேதிக்கு முன் கிடைக்க வழி செய்வது போன்ற சில்லறை வேலைகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்பதே இதன் பொருள்.

ஆனால் பார்சன்ஸின் சூத்திரம், முடிவெடுப்பவர் அந்தப் பிள்ளையே என்று எடுத்துக்கொள்கிறது. தாமிரபரணிக் கரையில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண் எந்தக் கல்லூரிக்குப் போவாள் என்பதை அவள் மதிப்பெண் மட்டும் தீர்மானிப்பதில்லை. சாயங்காலம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, கூடப் போக யார் இருக்கிறார்கள், மாமா என்ன சொல்கிறார், அவள் போய்விட்டால் நாளைக்கு எத்தனை பீடி குறையும் என்பனவும் அந்தக் கணக்கில் உண்டு. அவளிடம் மட்டும் பேசும் ஆலோசனை, பாதி ஆட்களை விட்டுவிட்டு நடக்கும் பஞ்சாயத்தாகவே முடியக்கூடும்.

மூடிய அறையில் இருவர்

இரண்டாவது மரபு உளவியலிலிருந்து வந்தது. அதற்குள்ளேயே ஒரு பழைய சண்டை உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் வில்லியம்சன் 1939இல் எழுதிய நூலில் ஆலோசகரை மருத்துவரைப் போலக் கண்டார்: சோதித்து, காரணம் கண்டு, வழி சொல்பவர். 1942இல் கார்ல் ராஜர்ஸ் அதை மறுத்தார். வழி சொல்லாதே, கேள். மதித்துக் கேட்டால் வழியை அந்த மனிதரே கண்டுபிடிப்பார் என்றார். நம் பள்ளிகளில் வில்லியம்சனைப் படித்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். ஆனாலும் ஜெயித்தவர் அவர்தான். ஹெச்.எம். அறைக்குக் கூப்பிட்டு நிற்கவைத்து அறிவுரை சொல்லி, அப்பாவைக் கூட்டிவரச் சொல்லி, மீறினால் டி.சி. கொடுத்துவிடுவேன் என்று முடிப்பதுதான் பல இடங்களில் ஆலோசனை என்ற பெயரில் நடக்கிறது.

இன்றைய சான்றுகள் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு முறையின் பக்கம் சாய்கின்றன. டெல்லியில் ஆறு அரசுப் பள்ளிகளில் 251 மாணவர்களிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2020இல் வெளியானது. உளவியல் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்றவர்கள் மூன்று வாரத்தில் நான்கைந்து முறை மாணவரைச் சந்தித்தார்கள். செய்த வேலை எளிது: பிரச்சினையைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பது, சாத்தியமான வழிகளை எழுதிப் பார்ப்பது, ஒன்றைத் தேர்ந்து செய்து பார்ப்பது.

பாபநாசத்தில் இது எப்படி இருக்கும் என்று ஒரு கற்பனை உதாரணத்தால் பார்க்கலாம். பதினொன்றாம் வகுப்புப் பெண் இயற்பியல் வீட்டுப்பாடத்தைத் தொடர்ந்து செய்யாமல் வருகிறாள். ‘சோம்பேறி’ என்பது ஆசிரியரின் முடிவு. பேசிப் பார்த்தால், பள்ளிவிட்டுப் போனதும் சொளவை மடியில் வைத்துக்கொண்டு இரவு வரை இலை வெட்டி, தூள் வைத்து, நூல் சுற்றுகிறாள். மறுநாள் காலையில் கட்டுகளைப் பீடிக் கடையில் கொடுத்தாக வேண்டும். வழிகள் என்னென்ன? பள்ளியிலேயே மாலையில் அரைமணி நேரம் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போகலாம். தேர்வு மாதத்தில் மட்டும் எண்ணிக்கையைக் குறைக்க அம்மாவிடம் பேசலாம். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாயிற்றா என்று பார்க்கலாம். முதல் வழியை இரண்டு வாரம் செய்து பார்ப்பது என்று முடிவாகிறது. மனத்தை ஆழமாகத் தோண்டும் வேலை எதுவும் இதில் இல்லை.

டெல்லிச் சோதனையில், ஆலோசகரைச் சந்தித்த மாணவர்களுக்கு அவர்களே சொன்ன பிரச்சினைகளின் கனம், வெறும் கையேடு மட்டும் பெற்றவர்களைவிடக் குறைந்தது. மனநல அறிகுறிகளில் ஆறு வாரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இந்த இரண்டாவது முடிவையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை. அதே திட்டத்தின் இன்னொரு ஆய்வு நடைமுறைக்கு உதவும் ஒன்றைக் காட்டியது: ஆலோசகர் வகுப்புக்கே வந்து தன்னை அறிமுகப்படுத்திப் பேசிய பிரிவுகளில் உதவி தேடி வந்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள்.

இந்த மரபின் பெரிய பலவீனம் ஆள் பற்றாக்குறை. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஓர் ஆலோசகரைப் பரிந்துரைக்கிறது. 2025 ஜூலையில் நமது உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. தமிழ்நாடு சுமார் பத்தாண்டுகளுக்கு முன் தொடங்கிய நடமாடும் ஆலோசனை மையங்கள் மாநிலம் முழுமைக்கும் பத்து. மூன்று நான்கு மாவட்டத்துக்கு ஒரு வண்டி என்றால், அது ஒரு பள்ளிக்கு எப்போது வரும், திரும்ப எப்போது வரும்?

குறையை நிரப்பத் தொலைபேசி வந்தது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 1998 முதல் தேர்வுக் கால ஆலோசனை தருகிறது. 2018இல் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும், 2022இல் மனநலச் சேவைக்கான 14416 எண்ணும் வந்தன. நெருக்கடியான நேரத்தில் இவை உயிர் காக்கக்கூடியவை. ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் இருக்க வேண்டியவை. ஆனால் வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பா கையில். இருப்பது ஒற்றை அறை. திண்ணையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அந்தப் பெண் எங்கே போய் நின்று பேசுவாள்?

பள்ளிக்கூடத்தையே மாற்றுதல்

1970களில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் நார்மன் கைஸ்பர்ஸ் ஒரு திருப்பத்தைக் கொண்டுவந்தார். சிக்கலில் மாட்டிய சிலருக்காகக் காத்திருக்கும் ஆலோசகர் வேண்டாம். எல்லா மாணவருக்குமான பாடத்திட்டம்போல் ஆலோசனை இருக்கட்டும் என்றார். சமூக, உணர்வுத் திறன்களை வகுப்பில் கற்பிக்கும் திட்டங்கள் இதன் உறவினர்கள். டர்லாக் குழு 2011இல் 213 திட்டங்களை, 2,70,000க்கும் மேற்பட்ட மாணவர்களை உள்ளடக்கித் தொகுத்துப் பார்த்தபோது, கல்வி அடைவில் 11 சதமானப் புள்ளிகள் அளவுக்கு முன்னேற்றம் தெரிந்தது. அந்த எண் உலகெங்கும் மேற்கோளானது. பிறகு பிரிட்டனில் 85 பள்ளிகளில், வகுப்பு முழுமைக்கும் மனக்கவனப் பயிற்சி அளித்துப் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவு: வழக்கமான வகுப்புகளைவிட அதிகப் பயன் இல்லை. எல்லோருக்கும் ஒரே மருந்து என்ற நம்பிக்கைக்கு அது ஒரு கடிவாளம்.

நமக்கு மிக நெருக்கமான சான்று பீகாரின் நாளந்தா மாவட்டத்திலிருந்து கிடைக்கிறது. ‘சேஹர்’ என்ற திட்டத்தை 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் மூன்று பிரிவாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு பிரிவில் பயிற்சி பெற்ற, ஆசிரியரல்லாத ஓர் ஆள் பள்ளிதோறும் அமர்த்தப்பட்டார். இன்னொன்றில் அதே வேலையைப் பள்ளியின் ஆசிரியரே செய்தார். மூன்றாவது பிரிவில் வழக்கமான பாடம் மட்டும். சுவர்ப் பத்திரிகை, புகார்ப் பெட்டி, மாணவர் குழு, காலைக் கூட்டத்தில் பேச்சு, தேவைப்பட்டவருக்குத் தனி ஆலோசனை என்று பணிகள் இரண்டு பிரிவிலும் ஒன்றே. 2018இல் ‘லான்செட்’ வெளியிட்ட முடிவின்படி, தனி ஆள் இருந்த பள்ளிகளில் சூழல் வெகுவாக மேம்பட்டது. மனச்சோர்வும் கேலிக் கொடுமையும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் செய்த பள்ளிகளில் மாற்றமே இல்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த முடிவு சங்கடமானது. இங்கே நடைமுறை பெரும்பாலும் ஆசிரியரை நம்பியே இருக்கிறது. 2020இல் வந்த மத்திய அரசின் பள்ளி நலத் திட்டமும் பள்ளிக்கு இரண்டு ஆசிரியரை நலத் தூதுவராக்கச் சொல்கிறது. ஆசிரியருக்கு அக்கறை இல்லை என்பது இதன் பொருளாகாது. ‘எமிஸ்’ தளத்தில் மாணவர் விவரங்களை ஏற்றுவது முதல் தேர்தல் பணி வரை சுமக்கும் ஒருவர் தலையில் இதையும் ஏற்றினால் நேரம் எங்கே கிடைக்கும் என்பது ஒரு விளக்கம். மதிப்பெண் போடுகிறவரிடமும் தண்டிக்கிறவரிடமும் எந்தப் பிள்ளையும் முழுதாகப் பேசாது என்பது இன்னொன்று. நம் பள்ளிகளிலும் ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டி வைத்தார்கள். அதன் பயனும் பெட்டியைத் திறப்பவர் யார் என்பதைப் பொறுத்தே அமையும்.

கயிறு கட்டிய கைகள்

நெல்லைச் சீமையில் பள்ளி ஆலோசனை பற்றிய எந்தப் பேச்சும் சாதியைத் தாண்டிப் போக முடியாது. எந்தச் சாதிக்காரர் எந்த நிறக் கயிற்றைக் கையில் கட்டுவது என்பது பிள்ளைகளுக்குப் பாடத்தைவிட நன்றாகத் தெரிந்த பள்ளிகள் இங்கே உண்டு. 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநர் இதைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பினார். ஆனால் பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் கே.ஏ. செங்கோட்டையன் அறிவித்தார். 2022 ஏப்ரலில், அம்பாசமுத்திரத்தை அடுத்த பள்ளக்கால் பொதுக்குடி அரசு மேல்நிலைப் பள்ளியில் கயிறு தொடர்பாக எழுந்த மோதலில் காயமடைந்த பிளஸ் டூ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். 2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் தடுக்க வந்த தங்கையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள்.

நாங்குநேரியில் நடந்த வரிசை ஆலோசனைத் துறைக்கு முக்கியமானது. அன்று வந்த செய்திகளின்படி, அந்த மாணவர் பள்ளிக்கு வருவதை நிறுத்தினார். பள்ளியிலிருந்து விசாரித்தார்கள். துன்புறுத்தியவர்களைப் பற்றி அவர் சொன்னார். அதன்பின் தாக்குதல் நடந்தது. வராத பிள்ளையைக் கவனி, காரணம் கேள், பேசவை என்று கையேடுகள் சொல்லும் அத்தனையும் அங்கே நடந்திருக்கிறது. சொன்னபின் அந்தப் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்ற பக்கம் மட்டும் கையேட்டில் இல்லை. இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசிக் கைகொடுக்க வைப்பது நம் ஊரில் வழக்கமான மருந்து. அந்த இருவரும் தெருவில் சமமாக நடக்க முடியாதபோது, பள்ளி அறைக்குள் நடக்கும் சமாதானத்துக்கு ஆயுள் குறைவு.

இதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றுக்குத் தடை, பெயரின் அகர வரிசையில் இருக்கை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம் எனப் பல பரிந்துரைகளோடு, 500 மாணவருக்கு மேற்பட்ட பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் பணியிடம் வேண்டும் என்றும் அது சொன்னது. அப்பகுதியின் பெரும்பான்மைச் சாதியைச் சேர்ந்தவரைக் கல்வி அலுவலராகவோ தலைமையாசிரியராகவோ அங்கே அமர்த்தக் கூடாது என்ற பரிந்துரை சர்ச்சையானது.

சான்றுகள் இங்கேதான் ஒன்றோடொன்று மோதுகின்றன. பயிற்சி பெற்ற சாதாரண ஆள் போதும் என்கிறது நாளந்தா. அத்தகையவரைப் பெரும்பாலும் பக்கத்து ஊரிலிருந்துதான் எடுக்க முடியும். வெள்ளையரல்லாத மாணவருக்கு வெள்ளையரல்லாத ஆலோசகரால் பயன் கூடுகிறது என்று மல்ஹெர்னின் தரவு சுட்டியது. அதை இங்கே பொருத்தினால், ஒதுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைக்கு அதே சமூகத்து ஆலோசகர் என்றாகும். ஊரின் சாதி வலைக்கு வெளியே இருப்பவர் வேண்டும் என்பது சந்துரு அறிக்கையின் தர்க்கம். மூன்றையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்க முடியாது. என் மதிப்பீட்டில், இந்தப் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை வெளியாள் என்ற நிபந்தனைக்கே முன்னுரிமை தர வேண்டும். விக்கிரமசிங்கபுரத்தில் ஒருவர் வாய் திறந்தால் சிவந்திபுரத்தில் தெரிந்துவிடும் என்ற அச்சம் இருக்கும்வரை, மற்ற நன்மைகள் பயன்பாட்டுக்கே வராது.

ரகசியமும் சட்டமும்

ரகசியம் காப்பேன் என்ற உறுதிமொழியில்தான் ஆலோசனை நிற்கிறது. ஆனால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தவறினால் தண்டனை உண்டு. அந்த விதியின் நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் பதினாறு வயதுப் பெண் தன் காதலைப் பற்றிப் பேச வந்தாலும் அதே விதி குறுக்கே நிற்கக்கூடும். எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே பிள்ளைக்குப் புரியும்படி சொல்லிவிடுவதுதான் இப்போதைக்கு உள்ள சரியான நடைமுறை. அப்படிச் சொன்னால் சிலர் பேசாமலே திரும்பிவிடுவார்கள் என்ற விமர்சனத்துக்கு முழுமையான விடை இல்லை.

விதியை மாற்றினாலே தீர்வது

சில துயரங்களுக்கு ஆலோசனையைவிட விதி மாற்றமே நல்ல மருந்து. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022இல் நாடு முழுதும் 13,044 மாணவர் தற்கொலைகளைப் பதிவு செய்தது. தமிழ்நாட்டில் தோற்றவர்கள் ஓராண்டு காத்திருக்காமல் சில வாரங்களிலேயே மீண்டும் எழுதும் துணைத் தேர்வு, தேர்வு முடிவுக் கால உயிரிழப்புகளைக் குறைக்க உதவியது என்று சென்னை ‘சிநேகா’ அமைப்பின் நிறுவனர் லட்சுமி விஜயகுமார் சுட்டிக்காட்டியிருக்கிறார். 2017இல் மாநில அரசு பொதுத் தேர்வு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. காலை உணவுத் திட்டத்தையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். பசியோடு வரும் குழந்தைக்குக் கவனச் சிதறல் பற்றி ஆலோசனை சொல்வதில் அர்த்தமில்லை.

தீராமல் நிற்பவை

மூன்று மரபுகளையும் சேர்த்துப் பார்த்தால் சிலவற்றை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். எந்த உளவியல் பள்ளியைப் பின்பற்றுகிறோம் என்பதைவிட, யார் உட்கார்ந்திருக்கிறார், தொடர்ந்து இருக்கிறாரா, மதிப்பெண் போடும் அதிகாரம் அவரிடம் இருக்கிறதா என்பவை முக்கியம். எளிய, குறுகிய, செய்து பார்க்கும் முறைகள் நீண்ட அறிவுரையைவிட மேல். விண்ணப்பமும் சான்றிதழும் சார்ந்த கை உதவி, மனநல உதவிக்குக் குறைந்ததல்ல.

தீராதவையும் உண்டு. நாளந்தாவில் பலித்தது, சாதி மோதல் கூர்மையான ஒரு மாவட்டத்தில் பலிக்குமா? வெளியூர் ஆலோசகர் காணிப் பிள்ளையின் தயக்கத்தையும் மாஞ்சோலைப் பிள்ளையின் இழப்பையும் புரிந்துகொள்ள எவ்வளவு காலம் ஆகும்? ஒப்பந்தச் சம்பளத்தில் வருபவர் அந்தக் காலம் முடியும்வரை நிலைப்பாரா? உயர்நிலை வகுப்பில் தொடங்கும் உதவி, ஆறாம் வகுப்பிலேயே கயிறு கட்டிக்கொண்ட கைக்குப் பிந்திவிடுகிறதா? இவற்றுக்கு டெல்லியோ பாஸ்டனோ விடை தர முடியாது. அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் சில பள்ளிகளில் வெளியூர் ஆலோசகரையும், சிலவற்றில் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரரையும் இரண்டு கல்வியாண்டுகள் அமர்த்தி, வருகை, இடைநிற்றல், மோதல், தேடி வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒப்பிட்டால் விடையின் ஒரு பகுதியாவது கிடைக்கும். பள்ளிக் கல்வித் துறையிடம் பணியிடம் கேட்கும்போது இந்த ஒப்பீட்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே பெற்றோர் இதைத் தீர்மானமாக எழுதி அனுப்பலாம்.